பயனியர் விலகல்: ஆழ்விண்வெளிக் கலங்களின் விளங்காத இயக்கமும் அதற்கான விடையும்

பயனியர் 10, பயனியர் 11 என்னும் அமெரிக்க விண்கலங்கள் இரண்டும் சூரியக் குடும்பத்தின் வெளிப்பகுதியைக் கடந்தபோது, சூரியனும் கோள்களும் இழுக்கும் இழுப்புக்கு உரியதைவிடச் சற்றுக் கூடுதலாக வேகம் இழந்தன. அந்தக் கூடுதல் முடுக்கம் ஏறத்தாழச் சூரியனை நோக்கியது. அதன் அளவு 8.74 × 10⁻¹⁰ மீ/வி². பூமியின் மேற்பரப்பில் விழும் பொருளின் முடுக்கத்தில் இது ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டு முழுதும் இப்படி இழுக்கப்பட்டாலும் கலத்தின் வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர்கூடக் குறையாது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து கலம் சுமார் 435 கி.மீ. மட்டுமே பிந்தியிருக்கும். ஆனால் பிந்தும் தொலைவு காலத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், 30 ஆண்டுக் கணக்கில் அது 4 லட்சம் கி.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. அது பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான தொலைவைவிடச் சற்று அதிகம்.

1980 வாக்கில் கவனத்துக்கு வந்த இந்த வேறுபாட்டை 1998-ல் உலகம் அறிந்தது. 2012-ல் ஏற்கத்தக்க விளக்கம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நியூட்டன், ஐன்ஸ்டைன் ஆகியோரின் ஈர்ப்பு விதிகளைத் திருத்தும் முயற்சிகள் பல நடந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, கலம் கட்டப்பட்ட விதத்தையும் அதன் வெப்பத்தையும் பொறுமையாகக் கணக்கெடுக்கும் வேலையும் நடந்தது. இறுதியில் விடை கொடுத்தது இரண்டாவதுதான். அந்த வேலை ஏன் அவ்வளவு தாமதமானது என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான கேள்வி.

முன்னோடிகள்

விண்கலத்தின் பாதை கணிப்பிலிருந்து விலகுவது பயனியருக்கு முன்பும் நடந்ததுதான். 1958 மார்ச் 17-ல் ஏவப்பட்ட வான்கார்ட் 1 என்ற சிறு செயற்கைக்கோளின் பாதையில், ஈர்ப்பாலும் காற்றின் உராய்வாலும் மட்டும் விளங்காத மாற்றம் தென்பட்டது. சூரிய ஒளி தரும் அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்ததும் அது சரியாயிற்று. 1960-ல் ஏவப்பட்ட எக்கோ 1 சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள ஊதிய பலூன். எடை குறைவு, பரப்பு மிகுதி என்பதால் ஒளியழுத்தம் அதன் தாழ்புள்ளியை நூற்றுக்கணக்கான கி.மீ. மாற்றியது. ஒளி பொருளைத் தள்ளும் என்பது மேக்ஸ்வெல் காலத்திலிருந்தே தெரிந்த கொள்கை. பாதைக் கணக்கில் அதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டிய கட்டாயம் விண்வெளி யுகத்தில்தான் வந்தது.

1968-ல் வந்த பாடம் வேறு வகையானது. லூனார் ஆர்பிட்டர் 5 நிலவைச் சுற்றியபோது அதன் வேகம் சில இடங்களுக்கு மேலே திடீரென்று கூடிக் குறைந்தது. ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த பால் முல்லர், வில்லியம் ஷோக்ரன் இருவரும் அந்தச் சிறு மாற்றங்களை நிலவின் வரைபடத்தின் மீது பொருத்திப் பார்த்தனர். வட்ட வடிவமான பெரிய கருஞ்சமவெளிகளின் அடியில் அடர்த்தி மிகுந்த நிறை குவிந்திருப்பது அதனால் வெளிப்பட்டது. இங்கே விலகல் உண்மையான ஈர்ப்பால் வந்தது. அதன் வழியாக நிலவின் உட்புறத்தைப் பற்றிய புதுச் செய்தியும் கிடைத்தது.

பயனியர் கதைக்கு மிக நெருங்கிய முன்னோடி லேஜியோஸ். 1976 மே 4-ல் ஏவப்பட்ட இது 60 செ.மீ. விட்டமுள்ள கனமான உலோகப் பந்து; லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் 426 கண்ணாடிகள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. காற்றே இல்லை என்று சொல்லத்தக்க ஏறத்தாழ 5,900 கி.மீ. உயரத்தில் அது சுற்றுகிறது. ஆயினும் அதன் சுற்றுப்பாதை நாளொன்றுக்கு 1.1 மில்லிமீட்டர் வீதம் சுருங்கியது. 1980-களில் டேவிட் ரூபின்கம் இதன் பெரும்பகுதிக்கு விளக்கம் தந்தார். பூமியின் அகச்சிவப்புக் கதிரால் சூடாகும் கண்ணாடிகள், அந்த வெப்பத்தைச் சிறிது தாமதித்து வெளியிடுகின்றன. வெளியேறும் வெப்பக் கதிர் எதிர்த்திசையில் செயற்கைக்கோளைத் தள்ளுகிறது. வெப்பம் வெளியேறுவதே ஒரு விசை என்பது ஆக 1987 அளவிலேயே அச்சேறிவிட்ட செய்தி. பயனியர் விவாதம் சூடுபிடித்த காலத்தில் இந்த முன்னுதாரணத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது இப்போது திரும்பிப் பார்க்கையில் வியப்பளிக்கிறது.

கலமும் அளவியலும்

பயனியர் 10 1972 மார்ச் தொடக்கத்திலும் பயனியர் 11 1973 ஏப்ரல் தொடக்கத்திலும் கேப் கனாவெரலிலிருந்து ஏவப்பட்டன. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் திட்டத்தை நடத்தியது. கலங்களைக் கட்டியது டிஆர்டபிள்யூ நிறுவனம். பயனியர் 10 1973 டிசம்பரில் வியாழனை நெருங்கிய முதல் கலமாயிற்று. பயனியர் 11 அதற்கு ஓராண்டு கழித்து வியாழனையும், 1979 செப்டம்பர் 1-ல் சனியையும் கடந்தது. அதன்பின் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறின.

ஒவ்வொரு கலமும் சுமார் 259 கிலோ எடையுடன் புறப்பட்டது. 2.74 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாத் தட்டு எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்கும். அதன் பின்புறம் கருவிப் பெட்டி. பெட்டியிலிருந்து நீளும் இரண்டு கைகளின் முனையில், புளூட்டோனியம் 238-இன் சிதைவு வெப்பத்தை மின்சாரமாக்கும் நான்கு கதிரியக்க மின்னாக்கிகள். இவை மொத்தம் 2,500 வாட்டுக்கு மேல் வெப்பம் தந்தன. அதில் மின்சாரமானது ஏவும்போது 160 வாட்டை ஒட்டியே இருந்தது. மீதி முழுவதும் வெப்பமாகவே விண்வெளிக்குப் போயிற்று. மின்சாரமான பங்கும் கருவிகளில் செலவாகி, இறுதியில் வெப்பமாகவே வெளியேறியது.

இக்கலங்கள் பம்பரம்போல் தம் அச்சில் சுழன்று நிலைகாத்தன. பயனியர் 10-இன் சுழற்சி நிமிடத்துக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவு. இந்த வடிவமைப்புதான் பிற்கால ஆய்வுக்கு வாய்ப்பைத் தந்தது. வாயேஜர் போன்ற கலங்கள் மூன்று அச்சுகளிலும் நிலையை நிறுத்தச் சிறு உந்திகளை அடிக்கடி இயக்குகின்றன. ஒவ்வொரு இயக்கமும் பாதையைச் சிறிது அசைத்துவிடும். அந்த இரைச்சலில் 10⁻¹⁰ மீ/வி² அளவுள்ள விசை மூழ்கிப்போகும். பயனியர் கலங்களுக்கோ ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருத்த ஆண்டில் சில முறை மட்டுமே உந்தி தேவைப்பட்டது. இடையிலுள்ள மாதங்களில் அவை தம்போக்கில் விழும் பொருள்களாகவே இருந்தன.

வேகம் அளக்கப்பட்டது டாப்ளர் விளைவால். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய இடங்களிலுள்ள பேரான்டெனாக்களில் ஒன்று சுமார் 2,110 மெகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பும். கலம் அதை 240/221 என்ற விகிதத்தில் மாற்றி, 2,292 மெகாஹெர்ட்ஸ் அளவில் திருப்பி அனுப்பும். அதிர்வெண்ணின் ஆதாரம் பூமியிலுள்ள அணுக்கடிகாரமே என்பதால், கலத்திலுள்ள கடிகாரத்தின் தரம் முடிவைப் பாதிக்காது. கலம் தொலைவு போகப் போக விடைக்காகக் காத்திருக்கும் நேரமும் நீண்டது. 2002 மார்ச்சில், ஏவிய 30-ஆம் ஆண்டு நிறைவில், கோல்ட்ஸ்டோன் அனுப்பிய அலையின் மறுமொழியை 22 மணி நேரத்துக்குப் பிறகு மாட்ரிட் கேட்டது. அனுப்பிய நிலையம் அதற்குள் பூமியோடு சுழன்று மறுபக்கம் போயிருந்தது.

பெறப்பட்ட அதிர்வெண்ணைக் கணித்ததோடு ஒப்பிட, கணிப்பில் பலவும் சேர வேண்டும். சூரியன், கோள்கள் ஆகியவற்றின் ஈர்ப்பு, பொதுச் சார்பியல் திருத்தங்கள், சூரிய ஒளியின் அழுத்தம், பூமியின் சுழற்சியும் தள்ளாட்டமும், நிலையங்களின் துல்லிய இடம், வளிமண்டலத்திலும் சூரியக் காற்றிலும் அலை அடையும் தாமதம் எனப் பட்டியல் நீளும். இவை அனைத்தையும் சேர்த்த பிறகு மிஞ்சும் வேறுபாடு ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் கணிப்பு சரி. அது ஒரே பக்கமாகச் சாய்ந்தால் எதுவோ விடுபட்டிருக்கிறது.

விலகல் தோன்றுதல்

ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஜான் ஆண்டர்சன், பயனியர் தரவுகளைக் கொண்டு வெளிக்கோள்களுக்கு அப்பால் அறியப்படாத கோள் ஏதேனும் உண்டா எனத் தேடிக்கொண்டிருந்தார். சூரியனுக்கு அருகில் இருந்தவரை ஒளியழுத்தத்தின் நிச்சயமின்மையே பெரிதாக இருந்தது. பயனியர் 10 ஏறத்தாழ 20 வானியல் அலகு (பூமி–சூரியன் தொலைவைப்போல் 20 மடங்கு) தொலைவைக் கடந்தபோது அந்த அழுத்தம் தரும் முடுக்கம் 5 × 10⁻¹⁰ மீ/வி²-க்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் அதனடியில் மறைந்திருந்த மற்றொரு முடுக்கம் தெரியத் தொடங்கியது. கணினி நிரலின் குறை அல்லது கலத்தின் ஏதோ ஒரு கசிவு என்று எண்ணி அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவைத்தனர். பணிக்குத் தேவையான அளவுக்குக் கலத்தின் இடம் தெரிந்திருந்தது. அதற்கு மேல் தோண்டுவதற்குப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை.

1994-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் கோட்பாட்டு இயற்பியலர் மைக்கேல் மார்ட்டின் நியேட்டோ, ஈர்ப்பு விதி நெடுந்தொலைவில் எவ்வளவு நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று ஆண்டர்சனிடம் விசாரித்ததிலிருந்து இந்த விவகாரம் வேகமெடுத்தது. ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனைச் சேர்ந்த பிலிப் லேங், ஆன்டனி லியூ இருவரும் முற்றிலும் தனியாக எழுதப்பட்ட வேறொரு மென்பொருளால் அதே தரவை ஆராய்ந்தனர். அவர்களுக்கும் அதே எண் கிடைத்தது. ஆக நிரல் பிழை என்ற ஐயம் விலகியது. 1998-ல் ஆண்டர்சன், லேங், யூனிஸ் லாவ், லியூ, நியேட்டோ, ஸ்லாவா துரிஷெவ் ஆகிய அறுவரும் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் இதை அறிவித்தனர். கலிலியோ, யுலிஸிஸ் கலங்களின் தரவையும் அவர்கள் துணைக்கு அழைத்தனர். ஆனால் அவை சூரியனுக்கு அருகில் இருந்ததால் ஒளியழுத்தத்திலிருந்து விலகலைப் பிரிக்க இயலவில்லை. அந்தச் சாட்சியம் வலுவற்றது.

2002-ல் வெளிவந்த நீண்ட கட்டுரைதான் இத்துறையின் மூல ஆவணம். பயனியர் 10-க்கு 1987 ஜனவரி முதல் 1998 ஜூலை வரையிலும், பயனியர் 11-க்கு 1987 ஜனவரி முதல் 1990 அக்டோபர் வரையிலும் தரவு எடுத்துக்கொள்ளப்பட்டது. முதல் கலம் அப்போது 40-லிருந்து 70.5 வானியல் அலகுக்கும், இரண்டாவது 22.4-லிருந்து 31.7 வானியல் அலகுக்கும் சென்றது. முடிவு (8.74 ± 1.33) × 10⁻¹⁰ மீ/வி². அதிர்வெண்ணில் சொன்னால் எட்டு ஆண்டுகளில் 1.5 ஹெர்ட்ஸ் நகர்வு. 229 கோடி ஹெர்ட்ஸில் ஒன்றரை. இவ்வளவு சிறியதைப் பிடித்தது அளவியலின் சாதனையே.

அக்கட்டுரையின் சிறப்பு அதன் பிழைப் பட்டியல். வாயுக் கசிவு, சூரியக் காற்று, நிலையக் கடிகாரம், கலத்தின் 8 வாட் ரேடியோக் கற்றை எனப் பலவும் தனித்தனியே மதிப்பிடப்பட்டன. ரேடியோக் கற்றை பூமியை நோக்கிப் போவதால் கலத்தை வெளிப்புறமாகத் தள்ளும். அதாவது அதைச் சேர்த்தால் விளங்காத இழுப்பு கூடத்தான் செய்யும். 8 வாட் கற்றை ஏறத்தாழ 1.1 × 10⁻¹⁰ மீ/வி² தருகிறது என்ற இந்த ஒரு வரியே வெப்பத்தின் வல்லமையையும் சொல்லிவிடுகிறது. முழு விலகலையும் உண்டாக்க ஒரு திசையில் செல்லும் 63 வாட் போதும். கலம் வெளியிட்டதோ 2,000 வாட்டுக்கும் மேல். அதில் சுமார் மூன்று விழுக்காடு ஒருபக்கமாகச் சாய்ந்தாலே புதிர் தீர்ந்துவிடும் என்ற நிலை அப்போதே இருந்தது.

புதிய இயற்பியலின் கவர்ச்சி

கோட்பாட்டாளர்களை ஈர்த்தது ஓர் எண் ஒற்றுமை. ஒளியின் வேகத்தை அண்ட விரிவின் ஹபிள் மாறிலியால் பெருக்கினால் ஏறத்தாழ 7 × 10⁻¹⁰ மீ/வி² வருகிறது. பயனியர் எண்ணும் அதன் அருகிலேயே இருந்தது. மோர்டெகாய் மில்க்ரோம் 1983-ல் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை விளக்க முன்வைத்த திருத்திய இயக்கவியலின் சிறப்பு முடுக்கம் 1.2 × 10⁻¹⁰ மீ/வி². அதுவும் வெகுதொலைவில் இல்லை. அண்ட விரிவு சூரியக் குடும்பத்துக்குள் புலப்படுகிறதா, காலமே முடுக்கம் பெறுகிறதா, கரும்பொருள் சூரியனைச் சூழ்ந்துள்ளதா, கைப்பர் பட்டைத் தூசி கலத்தைத் தடுக்கிறதா என்ற கேள்விகளோடு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. விலகலைச் சோதிக்கவே தனிக் கலம் அனுப்பும் யோசனைகள் ஐரோப்பிய விண்வெளி முகமைவரை சென்றன.

இந்த ஆர்வத்துக்குப் பின்னால் வானியல் வரலாறும் இருந்தது. யுரேனஸின் விலகலிலிருந்து லெ வெரியே கணித்த இடத்தில் 1846 செப்டம்பர் 23-ல் பெர்லினில் காலே நெப்டியூனைக் கண்டார். புதன் கோளின் அண்மைப்புள்ளி நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாக நகர்வதற்கு வல்கன் என்ற கோளைத் தேடியவர்கள் தோற்றனர். 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அதை விளக்கியது. ஒருமுறை புதுக்கோள், இன்னொரு முறை புதுவிதி. இந்த இரண்டும் நினைவில் நிற்கின்றன. அளவுக்கருவியின் குறையால் வந்து, திருத்தப்பட்டு, மறக்கப்பட்ட எண்ணற்ற விலகல்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. முன்மாதிரிகளை எண்ணும்போது இந்தச் சாய்வு கவனிக்கப்பட வேண்டியது.

ஈர்ப்பு விளக்கங்களுக்குப் பெருந்தடை கோள்களே. 20 வானியல் அலகுக்கு அப்பால் எல்லாப் பொருள்களையும் சூரியனை நோக்கி இழுக்கும் விசை ஒன்று இருந்தால், அது யுரேனஸையும் நெப்டியூனையும் விட்டுவைக்காது. அந்தக் கோள்களின் நிலைகளை அவதானித்த துல்லியத்தில் அத்தகைய இழுப்பு மறைந்திருக்க இயலாது. கலங்களை மட்டும் தொட்டுக் கோள்களைத் தொடாத ஈர்ப்பு வேண்டுமானால், எல்லாப் பொருள்களும் ஈர்ப்பில் ஒரேபோல் விழும் என்னும் சமானக் கொள்கையையே கைவிட வேண்டும்; அதற்குத் துணிந்தவர் சிலரே.

வெப்பத்தின் மீதான ஐயம்

1998-இன் அறிவிப்பு வந்த உடனேயே, அடுத்த ஆண்டில், இரண்டு மறுப்புக் குறிப்புகள் அதே இதழில் வெளியாயின. ஜோனதன் காட்ஸ், மின்னாக்கிகளின் வெப்பம் ஆன்டெனாத் தட்டின் முதுகில் பட்டுத் திரும்புவதைச் சுட்டினார். எட்வர்ட் மர்ஃபி, கருவிப் பெட்டியின் மின்சாதனங்கள் வெளியிடும் வெப்பத்தைச் சுட்டினார். பெட்டியின் பூமிப் பக்கத்தை ஆன்டெனா மூடியிருக்கிறது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும், திறந்து மூடும் தகடுகள் எதிர்ப்பக்கத்தில் உள்ளன. ஆகவே வெப்பம் பின்னால் வெளியேறி, கலத்தைச் சூரியனை நோக்கித் தள்ளும். 2003-ல் லூயிஸ் ஷெஃபர் இவ்வாதங்களைத் தொகுத்து, வழக்கமான காரணங்களே போதும் என்று எழுதினார்.

ஆண்டர்சன் குழுவினரின் எதிர்வாதம் எளிமையானது, முதற்பார்வையில் வலுவானதும்கூட. புளூட்டோனியம் 238-இன் அரை ஆயுள் 87.7 ஆண்டு, அதன் வெப்பம் குறைந்துகொண்டே போகும். வெப்ப மின்னிரட்டைகள் தேய்வதால் மின்சாரம் இன்னும் வேகமாகக் குறையும். ஏவும்போது 160 வாட்டாக இருந்தது 2001 வாக்கில் 65 வாட்டாகிவிட்டது. வெப்பம்தான் காரணம் என்றால் விலகலும் கூடவே குறைந்திருக்க வேண்டும். அவர்கள் கண்டதோ மாறாத விலகல்.

‘மாறாத’ என்பது இங்கே எவ்வளவு தாங்கும் என்பதில்தான் சிக்கல். 1987 முதல் 1998 வரையிலான பதினொன்றரை ஆண்டுகளில் புளூட்டோனியத்தின் வெப்பம் குறைந்தது 9 விழுக்காடு மட்டுமே. விலகலின் அறிவிக்கப்பட்ட பிழைவரம்பே 15 விழுக்காடு. மேலும், மாறிலியாக ஒரே எண்ணை வைத்துத் தரவுக்குப் பொருத்தினால் விடையும் மாறிலியாகவே வரும். கிரெய்க் மார்க்வார்ட் 2002-ல் பொதுவில் கிடைத்த தரவைத் தனித்து ஆராய்ந்தபோது, விலகலை உறுதிசெய்ததோடு, மெல்லக் குறையும் விலகலையும் தரவு மறுக்கவில்லை என்பதைக் காட்டினார். ஆக வேண்டியிருந்தது நீண்ட காலத்தின் தரவு.

நாடாக்களை மீட்டது

அந்தத் தரவு இருந்தது. ஒரே இடத்தில், படிக்கத்தக்க நிலையில் இல்லை. 1970-களின் டாப்ளர் பதிவுகள் காந்த நாடாக்களில் எழுதப்பட்டவை. அன்றைய கணினிகள் காட்சியகத்துக்குப் போய்விட்டன. நாடாவின் பதிவுவடிவங்களும் வழக்கொழிந்தன. ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஒரு மாடிப்படியின் அடியில் அட்டைப் பெட்டிகளில் கிடந்த நூற்றுக்கணக்கான நாடாக்களைத் துரிஷெவ் கண்டெடுத்தார். ஏம்ஸ் மையத்தில் குப்பைக்குப் போகவிருந்த திட்ட ஆவணங்களும் வரைபடங்களும் காப்பாற்றப்பட்டன. அமெரிக்காவின் பிளானட்டரி சொசைட்டி உறுப்பினர்களின் நன்கொடை இந்தப் பணிக்குக் கைகொடுத்தது. அரசு ஆய்வகங்களின் செலவுக் கணக்கில் இதற்கு முதலில் இடமிருக்கவில்லை.

டாப்ளர் தரவைவிடவும் முக்கியமானது தொலை அளவைப் பதிவு. கலத்தின் ஒவ்வொரு பகுதியின் வெப்பநிலை, மின்னழுத்தம், எந்தக் கருவி எப்போது இயங்கியது, உந்தி எப்போது எரிந்தது ஆகிய அனைத்தும் அதில் உண்டு. திட்டத்தில் பணியாற்றிய ஒருவர், யாரும் கேட்காமலேயே, அப்பதிவுகளைப் பழைய ஊடகத்திலிருந்து புதியதற்கு மாற்றி வைத்திருந்தார். கனடாவின் ஒட்டாவாவில் வாழும் மென்பொருள் வல்லுநரான விக்டர் டோத், அவற்றைப் படிக்கும் நிரல்களை எழுதினார். ஏறத்தாழ முழுப் பயணத்துக்கும் கலத்தின் உடல்நிலைக் குறிப்பு கிடைத்தது. இப்படியொரு பதிவு இல்லாதிருந்தால் வெப்ப விளக்கம் ஊகமாகவே நின்றிருக்கும்.

2011-ல் துரிஷெவ், டோத், ஜோர்டன் எல்லிஸ், மார்க்வார்ட் ஆகியோர் பயனியர் 10-க்கு 23 ஆண்டு, பயனியர் 11-க்கு ஏறத்தாழ 11 ஆண்டு டாப்ளர் தரவை ஆராய்ந்து வெளியிட்டனர். விலகல் காலத்தோடு குறைகிறது. அடுக்குக்குறி வடிவில் பொருத்தினால் பாதியாகச் சுமார் 27 ஆண்டு ஆகிறது. சனியைக் கடந்தபோது விலகல் திடீரென்று தொடங்கியது என்ற பழைய கருத்துக்கும் ஆதரவு கிடைக்கவில்லை. புளூட்டோனியத்தின் 87.7 ஆண்டைவிட 27 ஆண்டு குறைவுதான். ஆனால் மின்சாரம் குறையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது பொருந்தியது.

அதே ஆண்டில் ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகத்தில் பென்னி ரீவர்ஸும் கிளாஸ் லேமர்சாலும் கலத்தின் விரிவான கணினி உருவை அமைத்து, வெப்ப விசை விலகலை விளக்கப் போதுமானது என்று கண்டனர். போர்ச்சுகலில் பெர்டொலாமி குழு வேறு முறையில், கணினி வரைகலையில் ஒளிச் சிதறலைக் காட்டப் பயன்படும் சூத்திரத்தைக் கொண்டு, அதே முடிவுக்கு வந்தது.

2012-இன் கட்டுரையில் துரிஷெவும் டோத்தும் வெப்பப் பொறியாளர் கேரி கின்செல்லா உள்ளிட்டோருடன் சேர்ந்து வாதத்தை முடித்தனர். அதன் பலம் முறையில் உள்ளது. கலத்தின் வரைபடங்கள், பரப்புகளின் பொருள் பண்புகள், தொலை அளவை வெப்பநிலைகள் ஆகியவற்றிலிருந்து மட்டும் வெப்ப விசையை ஒருபுறம் கணித்தனர். மறுபுறம் டாப்ளர் தரவில், மின்னாக்கி வெப்பத்தின் எத்தனை பங்கு, மின்சாதன வெப்பத்தின் எத்தனை பங்கு கலத்தைத் தள்ளியிருக்க வேண்டும் என்று தனியாகக் கண்டனர். இரண்டு வழியும் ஒன்றுபட்டன. மின்னாக்கிகளின் வெப்பத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடும், மின்சாதனங்களின் வெப்பத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடும் ஒருதிசை விசையாகின்றன. வெப்பம் விலகலில் 80 விழுக்காட்டை விளக்குகிறது. மிஞ்சுவது பிழைவரம்புக்குள் அடங்குகிறது. அப்பிழையில் பெரும்பங்கு, மின்னாக்கிகளின் வெளிப்பூச்சு பல பத்தாண்டு விண்வெளியில் எவ்வாறு மங்கியது என்பதைச் சார்ந்தது. கதையின் கடைசி நிச்சயமின்மை, இப்படியாக, ஒரு பெயின்ட் பூச்சில் வந்து நின்றது.

இதற்கெல்லாம் முன்பே கலங்கள் மௌனமாகிவிட்டன. பயனியர் 11-இன் தொடர்பு 1995-ல் முடிந்தது. பயனியர் 10-இன் கடைசி வலுவற்ற சைகை 2003 ஜனவரியில் வந்தது. அப்போது அது ஏறத்தாழ 82 வானியல் அலகு தொலைவில் இருந்தது.

அண்மைப் பறப்பு விலகல்

பயனியர் விலகலோடு சேர்த்துப் பேசப்படும் மற்றொன்று பூமியின் அருகில் நிகழ்ந்தது. தொலைதூரக் கலங்கள் வேகம் பெறுவதற்காகப் பூமியை நெருங்கிக் கடப்பதுண்டு. நெருங்கும்போது இருந்த வேகமும், பாதை திரும்பிய பின் எஞ்சும் வேகமும் பூமியைப் பொறுத்து சமமாக இருக்க வேண்டும். 1990 டிசம்பர் 8-ல் கலிலியோ 960 கி.மீ. உயரத்தில் கடந்தபோது வினாடிக்கு 3.9 மில்லிமீட்டர் கூடியிருந்தது. 1998 ஜனவரி 23-ல் நியர் கலம் 540 கி.மீ. அளவில் கடந்தபோது 13.5 மில்லிமீட்டர் கூடியது. இதுவே அளக்கப்பட்டதில் பெரியது. 2005 மார்ச்சில் ரொசெட்டாவுக்கு 1.8 மில்லிமீட்டர். ஆனால் 2005 ஆகஸ்டில் மெசெஞ்சர் கடந்தபோது சொல்லத்தக்க மாற்றமே இல்லை. காசினி 1999-ல் உந்திகளை இயக்கிக்கொண்டே கடந்ததால் அதன் எண்ணை நம்ப இயலாது.

2008-ல் ஆண்டர்சனும் துணையாசிரியர்களும் இந்த ஐந்தோடு கலிலியோவின் 1992 கடப்பையும் சேர்த்து ஆறு கடப்புகளுக்கும் ஒரு சூத்திரம் தந்தனர். வேக மாற்றம், உள்வரும் பாதையும் வெளிச்செல்லும் பாதையும் பூமியின் நடுக்கோட்டோடு கொள்ளும் கோணங்களின் கோசைன் வேறுபாட்டைச் சார்ந்தது. பெருக்கெண் பூமியின் சுழற்சி வேகத்தின் இருமடங்கை ஒளிவேகத்தால் வகுத்தது, அதாவது 3.1 × 10⁻⁶. மெசெஞ்சரின் இரு கோணங்களும் ஏறத்தாழச் சமம் என்பதால் அதற்கு மாற்றம் வரவில்லை என்றும் விளங்கியது. எண்கள் நன்றாகப் பொருந்தின. ஆனால் பூமியின் சுழற்சி கலத்தை இவ்வாறு தள்ள வேண்டிய காரணம் எதையும் சூத்திரம் சொல்லவில்லை. பொதுச் சார்பியலில் சுழலும் பூமி தரும் விளைவு இதைவிட மிக மிகச் சிறியது.

சூத்திரம் அடுத்த சோதனைகளில் தேறவில்லை. 2007, 2009 நவம்பர்களில் ரொசெட்டா மீண்டும் கடந்தபோது விலகல் இல்லை. 2013 அக்டோபர் 9-ல் ஜூனோ ஏறத்தாழ 560 கி.மீ. உயரத்தில், நியருக்குச் சமமான அண்மையில் கடந்தது. சூத்திரப்படி வினாடிக்குச் சில மில்லிமீட்டர் மாற்றம் வந்திருக்க வேண்டும், எதுவும் வரவில்லை. பழைய கடப்புகளின் தரவில் ஒரு பொதுக்குறை உண்டு. பூமிக்கு மிக அருகில் வரும் சில மணி நேரம் கலம் பேரான்டெனாக்களின் பார்வைக்கு வெளியே போய்விடும். விலகல் நேர்ந்ததாகச் சொல்லப்படும் கணமே பதிவாகாத கணம். 1992-ல் கலிலியோவின் இரண்டாம் கடப்பில் இந்த இடைவெளியை நிரப்பச் செயற்கைக்கோள் வழித் தொடர்பு ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் கலம் 303 கி.மீ. வரை இறங்கியதால் காற்றின் உராய்வு முடிவைக் குழப்பிவிட்டது. கலிலியோ, நியர், ரொசெட்டா மூன்றின் பழைய எண்களுக்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை தரப்படவில்லை. ஜூனோவுக்குப் பிறகு அவற்றைப் புதிய ஈர்ப்பு விதிக்குச் சான்றாகக் கொள்வோரின் தொகை குறைந்துள்ளது.